வலித்தால் மட்டும் புகார்

முப்பத்திரண்டு வெண்கோபுரங்கள் நின்ற நாடு அது. பெருங்கதவு திறந்தால் பகல், மூடினால் இரவு. இளஞ்சிவப்பு மண்ணில் வெதுவெதுப்பான நீர் ஓயாமல் ஊறியதால், குடிமக்கள் பாதி உறக்கத்திலேயே வாழ்ந்தனர். வலியோடு வரும் புகாரே புகார் என்பது அந்நாட்டுச் சட்டம்.

வேண்மாள் அரசுப் பணியில் ஆழம் அளப்பவள். கோபுரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கோடிட்ட கோலை இறக்குவாள். மூன்று கோடு மூழ்கினால் நலம். அவள் தம்பி கீரன் குடியிருந்த ஏழாம் கோபுரத்தில் அன்று ஆறு மூழ்கியது. நுனியில் செந்நீர். இடுக்கின் அடியில் சாம்பல்நிறக் குடியேறிகள் ஓசையின்றி மண்ணைத் தின்றுகொண்டிருந்தனர்.

"கீரா, இறங்கிவிடு."

"உன் கோல் பட்டால்தான் அக்கா என் வீடே கூசுகிறது. நீ முதலில் நகரு!" என்று மேலிருந்து சிரித்தான். "அரசு சொல்லட்டும், அடுத்த நொடி இறங்குகிறேன்."

அவள் அமைச்சர் பெருஞ்சாத்தனாரிடம் சென்றாள்.

"வலிக்கிறதா?"

"இல்லை ஐயா. செந்நீர் கசிகிறது."

"எப்போது?"

"காவலர் அடிவாரத்தைத் தேய்த்துக் கழுவும்போது."

"அப்படியானால் குற்றம் தேய்ப்பவர்களுடையது."

தேய்ப்பது தடைசெய்யப்பட்டது. குடியேறிகள் கொழுத்தனர். செந்நீர் தானாகவே கசிந்தது. அதற்கு விடியல்நீர் என்று பெயரிட்டார்கள். கோபுரங்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஏழாம் கோபுரத்தில் ஒன்பது கோடு மூழ்கியபோது அமைச்சர் ஆழ்ந்து சிந்தித்தார்.

"கோடுகள் மிக நெருக்கமாக உள்ளன. மும்மடங்கு இடைவெளி விட்டுப் புதிய கோல் செய்க."

புதிய கோலை அவளே சுமந்து சென்றாள். கீரன் எட்டிப் பார்த்தான்.

"மூன்று! அரசுக் கோலே சொல்லிவிட்டது. இனியாவது நிம்மதியாகத் தூங்கு, அக்கா."

"அது பொய்க்கோல், கீரா."

"உன் கையில்தானே இருக்கிறது?"

அவள் கோலை வெளியே இழுத்தாள். மறுநாள் கதவு திறந்து உணவு உருண்டு வந்தபோது, ஏழாம் கோபுரம் உறக்கத்தில் சாய்பவரைப் போல மெல்லச் சாய்ந்தது. ஓசையே எழவில்லை. கீரன் வெளியே வரவில்லை.

"வலியின்றி விழுந்தது," என்று அமைச்சர் அவையில் அறிவித்தார். "எஞ்சிய முப்பத்தொன்றும் முன்னிலும் வெண்மை." அவை கைதட்டியது.

வேண்மாள் தன் பழைய கோலை எடுத்துவந்து, அவை கூடியிருந்த கோபுரத்தின் இடுக்கில் இறக்கினாள். கோல் முழுவதும் மூழ்கியது, அடி தட்டவில்லை.

"வலிக்கிறதா, ஐயா?" என்று அண்ணாந்து கேட்டாள்.

"இல்லையே!" என்றார் அமைச்சர், பெருமிதத்தோடு.

"அப்படியானால் புகார் இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் பெருங்கதவை நோக்கி நடந்தாள்.