செத்த சிறுத்தையும் ஒரு ‘தி’யும்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அயோத்தியாப்பட்டணத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக விளங்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை கருப்பண்ணனுக்கு, தீர்த்தகிரி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நானும் உம் அக்காள் உண்ணாமலையும் சௌக்கியம். அங்கே நீரும் குழந்தைகளும் அவ்விதமே இருக்க வேணும். ஆடுகளின் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள்ளேயே எழுந்துபோய்ப் பட்டிப் படலை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீர் அறிவீர், நான் ஆயுசெல்லாம் சர்க்கார் கச்சேரியில் இங்கிலீஷ் நகல் எழுதிப் பென்ஷன் வாங்கியவன். இருப்பதை இருப்பதுபோல் எழுதுவதே உத்தியோகம். மூலத்தில் ‘தி’ என்ற சொல் இருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் விடுவேன். அதை எங்கே போடுவது என்று சொந்தமாகத் தீர்மானிக்கும்படி எனக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை. சித்திரையில் மலையிலிருந்து சிறுத்தை இறங்கி, நம் மேச்சேரிக் கிடாவைத் தூக்கிக்கொண்டு போனதே, அதிலிருந்து பிடித்தது சனி. “நாலு பேரச் சேத்துத் தகரத்தத் தட்டித் தொரத்தலாமுங்க” என்றாள் உம் அக்காள். நானோ, சர்க்கார் இருக்கத் தகரம் எதற்கு என்று, கலெக்டர் துரைக்கு இங்கிலீஷில் மனு எழுத உம்மிடம் ஓடிவந்தேன். நீர் வெற்றிலையை மென்றுகொண்டே, “மொதத்தடவ சொன்னா ‘ஏ’, மறுக்காச் சொன்னா ‘தி’. அம்புட்டுத்தானுங்க மாமா” என்றீர். நானும் நம்பினேன்.

முதல் மனுவில் ‘ஏ லெபர்ட்’ என்று எழுதினேன். காகிதத்தில் பதில் இல்லை; துரை மலைப்பாதையில் ஏதோ சிறுத்தையைச் சுட்டதாக மட்டும் ஊரில் பேச்சு. வைகாசியில் இரண்டு பெட்டை ஆடுகள் போயின. மறுமுறை சொல்கிறோமே என்று இரண்டாம் மனுவில் கொட்டை எழுத்தில் ‘தி லெபர்ட்’ என்று போட்டேன். நேற்றுக் காலை துரை தாமே மோட்டாரில் வந்து இறங்கினார். முகம் மிளகாய்ப் பழம். பின்னால் டவாலிச் சேவகன் சின்னண்ணன்.

“முதல் மனுவில் சொன்ன சிறுத்தையும் இதுவும் ஒன்றா?” என்று துரை இங்கிலீஷில் கேட்டார். “எஸ் சார், அதனால்தான் ‘தி’” என்றேன், இலக்கணம் அறிந்த பெருமையோடு. “அந்த மனு வந்தபிறகுதானே மலைப்பாதையில் நான் சிறுத்தையைச் சுட்டேன்?” “எஸ் சார்.” “அப்படியானால் அது செத்துப்போயிற்று. அதன் தோல் என் பங்களாவில் கிடக்கிறது. செத்த சிறுத்தை எப்படி ஆடு தின்னும்? நான் சுடவில்லை என்கிறாயா?” மாப்பிள்ளை, எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பொய்மனுக் கொடுத்ததற்குப் பென்ஷனை நிறுத்துவாரோ, ஜெயிலில் போடுவாரோ! நான் ‘செகண்ட் டைம், செகண்ட் டைம்’ என்று உளறிக்கொண்டிருக்கையில், உம் அக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள்.

“ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அது வைக்கக் கொட்டாய்க்குள்ள இருக்குதுங்க. வெளித்தாப்பாளப் போட்டுப்போட்டு வாரேன்.”

“எது?” என்றார் துரை. “தி லெபர்ட்!” என்று அலறினேன். எந்தச் சிறுத்தை என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. துப்பாக்கி மோட்டாருக்குள் இருந்தது. டிரைவரோ கதவை உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கமாட்டேன் என்கிறான். கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது பாரும், மோட்டார் தலைமேல் ஒரு கால் வைத்து ஒரே தாவலில் மலைப்பக்கம் போய்விட்டது. துரை எங்கே என்று பார்த்தால் முருங்கைமரத்தில். முருங்கைக்கு ராஜ விசுவாசம் ஏது? கிளை முறிந்து குப்பைக்குழியில் விழுந்தார். சின்னண்ணன் கும்பிட்டபடி நிற்க, உம் அக்காள்தான், “கையக் குடு சாமி” என்று இழுத்துவிட்டாள்.

சாணியைத் துடைத்துக்கொண்டு, துரை என் மனுவை எடுத்து, ‘தி’யை அடித்துவிட்டு மேலே பென்சிலால் ‘அனதர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘ஏ’யுமல்ல, ‘தி’யுமல்ல, ‘அனதர்’! இன்னொரு சிறுத்தையாம். மாப்பிள்ளை, இப்படி ஒரு சொல் இருப்பதை அன்றே சொல்ல உமக்கு வாய் வலித்ததா? வெற்றிலையைத் துப்பிவிட்டாவது சொல்லியிருக்கலாமே!

போகட்டும். சிறுத்தை பயந்து ஓடிவிட்டது. நாளை துரை வேட்டைக்காரர்களை அனுப்புகிறார். இனிப் பயமில்லை. பதினெட்டாம் பெருக்குக்குக் குழந்தைகளோடு வந்து ஒரு வாரம் தங்கிப் போக வேணும். சகல மங்களமும் உமக்கும் உம் வீட்டாருக்கும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உம் அக்காள் புருஷன்,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: வரவேண்டாம். கூரை வேய வைக்கோலை இழுத்த உம் அக்காள் உள்ளே இரண்டு குட்டிகளைக் கண்டாள். இன்னும் கண் சரியாகத் திறக்கவில்லை. துரைக்குத் தெரிவிக்கலாம் என்றேன். “பெத்தவ தேடிக்கிட்டு வருவா. வந்தாச் சுட்டுப்போடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஓடைப்பக்கம் கொண்டுபோய் வெச்சுப்போட்டு வந்தர்லாம், அவ பாத்துத் தூக்கிக்கட்டும்” என்கிறாள். ஆடு தின்ற ஜாதியாயிற்றே என்றால், “புள்ளைக்காரி பசிக்குத் தின்னா” என்று என்னையே முறைக்கிறாள். குட்டிகளைக் கூடையில் வைத்தாயிற்று. தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போவது அவள். கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் போவது நான்.