மரநாய் ‘தேறாது’ என்று சொன்ன பீர்

உரிமம் தவிர மற்ற எல்லாம் தாராளமாகக் கிடைத்த ஒரு காட்டில், பொன்னுரங்கம் என்றொரு கரடி சின்னதாகப் பீர் ஆலை வைத்திருந்தது. ஆலை என்றால் ஒரு பாறைக்குகை, ஆறு மரப்பீப்பாய்கள், ஒரு புத்தகம். கூடாரம் போட்டிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் பொன்னுரங்கத்தைக் கண்டு ஓடியபோது விட்டுச்சென்ற புத்தகம் அது.

அதில் இலையுதிர்கால லாகர் என்ற பீருக்குச் செய்முறை இருந்தது. மார்ச்சில் காய்ச்சி, குளிர்ந்த இடத்தில் ஆறேழு மாதம் அசையாமல் வைத்து, இலை உதிரும்போது திறக்க வேண்டும். பொன்னுரங்கம் பங்குனியில் பார்லியை முளைகட்டி, வறுத்து, காய்ச்சி, பீப்பாயில் அடைத்தது. ஐப்பசி வரை ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று கரடிகளுக்குத்தான் தெரியும்.

விற்க வேண்டுமானால் காட்டுப் பானங்கள் தரக்குழுவின் சான்றிதழ் வேண்டும். தேறாவிட்டால் சரக்கை அழித்துவிட வேண்டும். குழுவில் மூன்று பேர்: மயில், எருமை, மரநாய் செண்பகவல்லி. மயிலும் எருமையும் சிபாரிசில் வந்தவர்கள். செண்பகவல்லி நாக்கால் வந்தது. பனைமரம் பனைமரமாக ஏறிக் கலயத்தில் கள் குடித்து வளர்ந்த நாக்கு. ஒரு வாய் குடித்தால் எந்த மரத்துக் கள், என்றைக்கு இறக்கியது என்று சொல்லிவிடும்.

ஐப்பசியில் குழு குகைக்கு வந்தது.

“இங்க இப்ப இலை உதிரவே இல்லையே. இதை எப்படி இலையுதிர்கால பீர்னு எழுதறது?” என்றது மயில்.

பொன்னுரங்கம் வெளியே போய் ஒரு வேங்கை மரத்தைப் பிடித்து உலுக்கியது. மயில் படிவத்தில் ‘உதிர்ந்தது’ என்று குறித்துக்கொண்டது. எருமை ஒரு சட்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ‘சுவை’ என்ற கட்டத்தில் ‘அளவு குறைவு’ என்று எழுதியது.

செண்பகவல்லி கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தது. செம்புத் தவலையைப் புளிபோட்டுத் துலக்கிய நிறம். மேலே தயிராடை போல நுரை. முகர்ந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மணம். ஒரு வாய் குடித்தது. வறுத்த தானியத்தின் இனிப்பு வந்தது. அது நாக்கில் ஒட்டுவதற்குள் மெல்லிய கசப்பு ஒன்று வந்து துடைத்துவிட்டுப் போனது.

தன் ஆயுசில் இப்படி ஒன்றைக் குடித்ததில்லை என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. இதைத் தேறியது என்று சொன்னால் காடே வந்து ஒரே வாரத்தில் தீர்த்துவிடும் என்பதும் தெரிந்தது.

“தேறாது,” என்றது.

தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற இருவரும் அதையே எழுதினார்கள். சரக்கை அழிக்கும் சிரமம் மற்றவர்களுக்கு வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் செண்பகவல்லி சொன்னது. குழு அதற்கு நன்றித் தீர்மானம் போட்டது. ஆறு பீப்பாய்களும் செண்பகவல்லியின் மரப்பொந்துக்கு உருண்டு போயின. அந்த மழைக்காலம் அதன் வாழ்க்கையிலேயே நல்ல மழைக்காலம்.

தை மாதத்தில் பொன்னுரங்கம் தேடி வந்தது. இளைத்திருந்தது.

“உங்க மேல வருத்தமில்லீங்க அம்மணி. எதுல தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

செண்பகவல்லிக்குப் பின்னால் ஐந்தாவது பீப்பாய் இருந்தது. மீசையில் நுரை இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நுரைக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணாந்து பார்த்தது. மேலே பலா காய்த்துத் தொங்கியது.

“பலாப்பழ வாசனை இல்ல.”

“லாகர்ல பலாப்பழமுங்களா?”

“ஜெர்மனியில இப்ப அப்படித்தான்.”

“அப்புறமுங்க?”

“தேன். கொஞ்சம் ஏலக்காய்.”

பொன்னுரங்கம் அதை மரப்பட்டையில் நகத்தால் கீறிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனது. செண்பகவல்லிக்கு மனது கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம் போக ஒரு கோப்பை குடித்தது. போய்விட்டது.

அடுத்த ஐப்பசியில் புது பீர் வந்தது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சட்டியைச் சுற்றி எறும்போடு வந்தது. மயில் ஐம்பதுக்கு ஐம்பது போட்டது. எருமை கண்கலங்கியது. செண்பகவல்லி போட்ட பூஜ்யத்தைக் கையெழுத்துப் பிழை என்று குழு திருத்திக்கொண்டது. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் குரங்குகள் வந்து வரிசையில் நின்றன. சான்றிதழ் பெற்ற செய்முறையைப் பன்னிரண்டு வருஷம் மாற்றக்கூடாது என்பது விதி. பழைய செய்முறை இனி எதற்கு என்று பொன்னுரங்கம் புத்தகத்திலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அடுப்புக்குப் போட்டது.

பிறகு பாறைமேல் ஏறி நின்று பேசியது. “வேற யாரா இருந்தாலும், என் மனசு நோகக்கூடாதுன்னு அந்த முதல் பீரை நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாங்க. அம்மணி ஒருத்தர்தான் முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னாங்க.”

பீருக்குச் ‘செண்பகவல்லி’ என்றே பெயர் வைத்தது.

இப்போதும் மாதாமாதம் முதல் பீப்பாயைப் பொன்னுரங்கம் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறது. கொடுத்துவிட்டுப் போவதில்லை. குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறது.

“எப்படீங்க அம்மணி?”

செண்பகவல்லி மீசையிலிருந்து ஓர் எறும்பை எடுத்துக் கீழே விட்டது.

“போன மாசத்துக்கு இது மேல்,” என்றது.

நீதி: நல்ல பீரைக் கெட்டது என்று சொல்லலாம். காரணம் மட்டும் சொல்லக்கூடாது.