மாப்பிள்ளையின் இருபத்தேழு கோட்டுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர் ஒருநாள் மாப்பிள்ளையாக இருந்திருக்கிறார்கள். ஐம்பது வயது வரைக்கும் தினமும் மாப்பிள்ளையாக இருந்தவர் ஒருவர்தான். நானும் அவரும் கம்பத்தில் ஓர் ஏலக்காய் மண்டியில் குமாஸ்தாக்கள். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது.

மூட்டைகளுக்கு நடுவே பட்டுக்கரை வேட்டி, கோட்டு, ஜரிகை அங்கவஸ்திரம், காதோரம் ஜவ்வாது என்று வந்து உட்காருவார். ஏலக்காய் வாசனையே அவரிடம் தோற்றுப்போகும். யுத்தத்தால் துணி கிடைக்காமல் ஊரே ஒட்டுப்போட்டுத் திரிந்த சமயத்தில், அவரிடம் இருபத்தேழு கோட்டும் நான்கு பெட்டி வேட்டி சட்டையும் இருந்தன. எதைப் போடுவது என்று அவர் தீர்மானிப்பதற்குள் சொந்த மைத்துனன் கல்யாணத்தில் தாலி கட்டி, பந்தி முடிந்து, இலையும் எடுத்துவிட்டார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. நனையாத மூலை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அங்கே பெட்டிகளை அடுக்கிவிட்டு, மனைவி ராமாயியை ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தோடு நிற்கச் சொன்னார். மழை விட்டதும் அந்த அம்மாள் சுருளிப்பட்டித் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். உடுப்பை ஒரு கையில் தூக்குகிற அளவுக்குக் குறைத்த பிறகு வந்து கூப்பிட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாராம்.

மாப்பிள்ளை மூன்று நாள் வீம்பாக இருந்தார். நான்காம் நாள், தானே பொங்கிய சோற்றைத் தானே சாப்பிட்டதும் வீம்பு இறங்கிவிட்டது.

கோட்டுகளையும் வேட்டி சட்டைகளையும் மண்டிக்குக் கொண்டுவந்து, பெண் கொடுப்பதுபோல விசாரித்து விசாரித்துக் கொடுத்தார். துவைப்பது யார், கல்லில் அடிப்பார்களா, கையால் கசக்குவார்களா என்று கேள்விகள். வெற்றிலை போடுகிறவனுக்கு வெள்ளைக் கோட்டு கிடையாது. மூட்டை தூக்கும் சின்னச்சாமிக்கு ஒரு பழுப்புக் கோட்டு வாய்த்தது. அதைப் போட்டுக்கொண்டு அவன் மூட்டை தூக்க, வெளியூர் வியாபாரிகள் அவனையே முதலாளி என்று எண்ணிக் கும்பிட்டார்கள்.

மண்டியைக் காத்த கோம்பை நாய்க்கு ஆளைவிடக் கோட்டுதான் பழக்கம். அது சின்னச்சாமியைப் பார்த்து வாலாட்டியது. வெறும் சட்டையில் வந்த மாப்பிள்ளையைக் காலில் கடித்தது. அவர் முதலில் வேட்டி கிழிந்ததா என்றுதான் பார்த்தார்.

கடைசியில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு குடை மிஞ்சின. ஒரு கோட்டாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். மனதுக்குப் பிடித்தது ஒன்றுதானாம், கல்யாணத்தன்று போட்ட நீலக் கோட்டு. அது இல்லை என்பதே பெட்டிகளைக் காலி செய்த பிறகுதான் தெரிந்ததாம்.

மிஞ்சியதை ஒரு மூட்டையாகக் கட்டி, சமாதானத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நொண்டி நொண்டிச் சுருளிப்பட்டிக்கு நடந்தார். ராமாயி அம்மாள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே போய், நீலக் கோட்டோடு திரும்பி வந்தார்.

"இதத் தேடிக்கிட்டாச்சும் மறுநாளே வருவீகன்னு எடுத்தாந்தேன்."

மாப்பிள்ளை கோட்டைக் கையில் வாங்கவில்லை. "இருபத்தேழுல இது போனது எனக்குத் தெரியல. நீ போனது அன்னிக்கே தெரிஞ்சிருச்சு," என்றார்.

அவர் காலில் என்ன கட்டு என்று அந்த அம்மாள் கேட்டார். நாய் கடித்த கதையைச் சொன்னேன்.

"நல்லா வேணும்," என்று சொல்லிவிட்டு மஞ்சள் அரைக்கப் போனார்.

அதன்பின் மண்டியில் இருந்த காலமெல்லாம் மாப்பிள்ளைக்கு அந்த ஒரே கோட்டுதான். அதன் முழங்கையில் ராமாயி அம்மாள் போட்ட ஒட்டு வெளியே தெரியும்படிதான் உட்காருவார். அவர் லீவு போட்ட நாட்களில் எங்களில் ஒருவருக்கும் தலை வாரிக்கொள்ளத் தோன்றியதில்லை.