அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள்

சொல்வளநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பொய்த்தாலும் அரசாணை பொழியத் தவறியதில்லை.

அந்நாட்டு ஆறுதல் மன்றத்தில் அமுதவேணி மனநல ஆலோசகராக இருந்தாள். அவள் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாளை அவள் போடமாட்டாள், வந்தவர்தான் போடவேண்டும். போட்டுவிட்டுத் திரும்பும்போதே பலருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், பிறந்தபோது ஊர் சொன்ன பால் தமக்குரியதல்ல என்று உணர்ந்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து அவள் ஓர் ஆய்வு எழுதினாள். துணையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இவர்கள் தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கம் பயத்தால் வருவது; ஆலோசகர் பொறுமையாகக் காத்திருந்தால் பயம் விலகும் என்று அதில் சொல்லியிருந்தாள்.

சொல்லாய்வு அமைச்சர் நாவேந்தர் முதல் வரியோடு ஆய்வை மூடிவைத்தார்.

"மன்னா, தயங்குகிறவன் எவனோ அவனே அப்படிப்பட்டவன்! இனி ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லே ஆள்!" என்று அவையில் முழங்கினார்.

அதுவே சட்டத்தின் முதல் பிரிவாயிற்று. ஒருவர் வாயால் சொன்னதுதான் அவர். வேறு சாட்சி கேட்கலாகாது.

தாழ்ப்பாள்கள் கழற்றப்பட்டன. அறைதோறும் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்க ஓர் அரசாங்கச் செவியர். தயங்கியவர்கள் திருத்தகம் என்னும் சிறைக்குப் போனார்கள். முதலில் போனவன் விளக்குக்கடை கதிரோன். "என்கூட இருக்கிறவர்..." என்று ஆரம்பித்து ஒரு மூச்சு நின்றான், அவ்வளவுதான். தன் ஆய்வே அவனைக் கொண்டுபோனது என்று அமுதவேணிக்குச் சோறு இறங்கவில்லை.

மக்கள் தயங்காமல் பேசப் பழகினார்கள். சரளமாகப் பேசுவதும் சந்தேகத்துக்குரியது என்று அடுத்த ஆணை வந்தது. எப்படித்தான் பேசுவது என்று மக்கள் விழிக்க, அரசே கருணைகூர்ந்து மாதிரி வாக்கியங்களை வெளியிட்டது. "நான் நலம். வீட்டில் அனைவரும் நலம். நல்ல வரன் வந்தால் மகிழ்வேன்." பல் விழுந்த கிழவரும் வரன் வந்தால் மகிழ்ந்தார். மன்றத்துக்கு ஆள் வருவது நின்றது. துயரம் ஒழிந்ததென்று அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஒருநாள் மதியம் அமைச்சரே மன்றத்துக்கு வந்தார், மகள் எழினியோடு.

"அம்மா, இவ வீட்டுல அந்த வாக்கியத்தைத் தவிர வேற எதுவும் பேசறதில்லை. சோறு வேணுமான்னா, நல்ல வரன் வந்தால் மகிழ்வேன்ங்கிறா."

"சட்டப்படி சரியாத்தானே பேசுறாங்க, ஐயா?"

"சட்டத்தை விடும்மா! எம்பொண்ணு எனக்கு வேணும்."

எழினி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. அமுதவேணி அதை அமைச்சருக்குக் காட்டினாள்.

மறுநாள் திருத்தம் வெளியாயிற்று: அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள் ஆலோசனை பெறும்போது மட்டும் தாழ்ப்பாள் உண்டு, செவியர் வெளியே நிற்பார்.

எழினி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அமுதவேணி காத்திருந்தாள்.

"அவ பேரு நப்பின்னை" என்றாள் எழினி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

கதவு திறந்தபோது வாசலில் நீண்ட வரிசை நின்றது. முன்னால் நின்றவன் கதிரோனின் துணைவன் இளவழுதி.

"நீ யார்?" என்றார் செவியர்.

"அமைச்சர் வீட்டுப் பிள்ளை."

"நானும்" என்றாள் பின்னால் நின்ற மீன்காரி. "நானுந்தான்" என்றார் பல் விழுந்த கிழவர்.

செவியர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வேறு சாட்சி கேட்கலாகாது என்றிருந்தது. மகளுக்காகக் காத்திருந்த அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இவர்கள் அனைவரும் தங்கள் பிள்ளைகள்தானா?"

அமைச்சர் தயங்கினார். செவியர் எழுதுகோலை எடுத்தார்.

"ஆமாய்யா, ஆமா! எல்லாம் எம்பிள்ளைங்கதான்!"

"அப்படின்னா, திருத்தகத்துல இருக்கிற பிள்ளையை எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்ப்பா?" என்று கேட்டான் இளவழுதி.