தராசு சார் கப்பல் பிடித்த கதை

பயணச்சீட்டு விற்கிற கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் அவ்வளவு மரியாதையாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதர் தமிழ்நாட்டிலேயே தராசு சார் ஒருவர்தான். அவர் மட்டும் இல்லாமல் போயிருந்தால் திருவண்ணாமலையில் பாதிப் பேர் இந்நேரம் உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. நான் அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, அந்தக் கடையின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். பெயர்ப்பலகையில் அவருக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தராசு என்ற பெயர் அவர் கைகளால் வந்தது. எதைக் கேட்டாலும் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டிவிடுவார். வலது கை சௌகரியம், இடது கை அசௌகரியம். ஒரு சௌகரியம் சொன்னால் வலது கை கொஞ்சம் இறங்கும். உடனே ஒரு அசௌகரியம் சொல்லி இடது கையையும் இறக்குவார். அரை மணி நேரம் இப்படி ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு கையும் சரிசமமாக வந்து நின்றுவிடும். "அவ்ளோதாங்க. இனிமே நீங்கதான் யோசிக்கணும்" என்பார். வந்தவர் யோசித்துக்கொண்டே வெளியே போவார். திரும்பி வரமாட்டார்.

ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மாள் பாண்டிச்சேரி போக கார் கேட்டு வந்தார். வெயில், செஞ்சி ரோட்டில் நடக்கும் பாலம் வேலை, டிரைவர்களின் குணம், பஸ்ஸில் போனால் உள்ள நன்மை என்று சார் நிறுத்துப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் அதற்கப்புறம் பல மாதம் ஊரை விட்டு நகரவில்லை. ஞானம் தேடித் தங்கிவிட்டார் என்று எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கார் கிடைக்காமல் தங்கினார் என்பது எனக்குத்தான் தெரியும்.

வீட்டிலிருந்து சாப்பாடு வராத நாட்களில் அவரோடு சாப்பிடப் போவது அதைவிடக் கொடுமை. "அந்த ஓட்டல்ல சாம்பார் நல்லாருக்கும் தம்பி, ஆனா ஃபேன் கெடையாது. இந்த ஓட்டல்ல ஃபேன் இருக்குது, ஆனா ரசத்துல மொளகு ஜாஸ்தி" என்று நடுத்தெருவில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். முடிவு வருவதற்குள் இரண்டு ஓட்டலிலும் மீல்ஸ் தீர்ந்துபோயிருக்கும். பசி தாங்காமல் அவரை அப்படியே விட்டுவிட்டு நான் மட்டும் போய்ச் சாப்பிட்ட நாட்கள் நிறைய.

அவர் நிறுக்க எடுத்துக்கொண்ட எல்லாவற்றிலும் பெரியது கப்பல். சென்னைத் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கடலும் இல்லாமல், சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறும் இல்லாமல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் ஏற எந்தத் துறைமுகம் நல்லது என்று வருத்தத்தோடு யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி வந்தார். மகள் கல்யாணத்தை முடித்த கையோடு கப்பலில் போய்வர ஆசை.

"மெட்ராஸ்லயே ஏறலாமாங்க? இல்ல கொச்சின், பம்பாய்னு போவணுமா?"

சாரின் கைகள் மேலே வந்தன. "மெட்ராஸ்னா காலைல இட்லி சாப்ட்டு கெளம்புனா மத்தியானம் கப்பல் கிட்ட நிப்பீங்க. பிளேன் வேணாம், ராத்திரி ரயில் வேணாம். திரும்பி வந்து எறங்குனா அன்னிக்கே வூட்டுச் சாப்பாடு." வலது கை நன்றாக இறங்கியது. வியாபாரியின் முகம் மலர்ந்தது.

"ஆனா பாருங்க, வருஷம் பூரா கப்பல் நிக்காது. சில மாசந்தான். அப்புறம் பம்பாய்ப் பக்கத்துக் கடலுக்குப் போயிடும். போற ஊருங்களும் கம்மி. ஒரு கப்பலு எந்த ஊருக்குமே போவாது. நடுக்கடல்ல ஒரு சுத்து சுத்திட்டுக் கெளம்புன எடத்துக்கே வந்துடும். கடல் ஒரு மாதிரியா இருந்தா ஊரு வந்தாலும் எறக்க மாட்டான்."

"அப்படீங்களா?"

"இன்னொண்ணு இருக்குது. தூரத்துல ஏறுனா நீங்க, சம்சாரம் ரெண்டு பேர்தான். பக்கத்துத் துறைமுகம்னா சொந்தக்காரன் அத்தன பேரும் வழியனுப்ப வேன் எடுத்துக்கினு வந்துடுவான்."

வியாபாரி யோசித்துக்கொண்டே எழுந்து போனார். அந்த வருடம் அவர் திருப்பதிக்குத்தான் போனார்.

சாரின் மனைவி வசந்தா அக்கா. பெரும்பாலும் மத்தியானம் டிபன் கேரியரோடு கடைக்கு வருவார். சார் எவ்வளவு நிதானமோ அக்கா அவ்வளவு சுறுசுறுப்பு. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவர், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதை நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நாள் கடை வாசலிலேயே மயங்கி விழுந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விமானம், நெடும்பயணம் எல்லாம் வேண்டாம் என்றார். அவர் சொல்லாமல் விட்டதையும் சார் புரிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவிடம், எதையாவது மனதில் வைத்திருந்தால் சொல் என்று சார் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா முதலில் தயங்கினார்.

"சாமி குத்தம்னு நெனைக்காதீங்க. பொறந்த வூட்டுல ஜன்னலத் தொறந்தா மலை. வாழ வந்த வூட்டுல கதவத் தொறந்தா மலை. மொட்ட மாடி ஏறுனாலும் மலை. கண்ணுக்கு எதுவுமே தட்டுப்படாத எடம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும். ஊருக்கெல்லாம் கப்பலு கப்பலுன்னு சொல்றீங்களே, அதுல கூட்டினு போங்க."

வாழ்க்கை முழுவதும் அவர் எதையும் கேட்டவர் இல்லை. சாருக்கு அன்றிலிருந்து கைகள் ஓயவில்லை. சென்னை என்றால் பக்கம், அக்காவுக்கு அலைச்சல் கம்மி. ஆனால் அங்கே கிடைக்கிற பயணம் சின்னது. கொச்சியில் ஏறினால் இன்னும் நாலு ஊர் பார்க்கலாம். ஆனால் ரயில் பயணம் அவளுக்கு ஆகுமா? வெள்ளைக்காரர்களைக் கேட்டார். டாக்டரைக் கேட்டார். கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரைக் கூடக் கேட்டார். அவர் நிறுத்துக்கொண்டே இருக்க, கப்பல் அந்த வருடத்துக்குச் சென்னையை விட்டுப் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "சார், இது உங்களுக்கே நியாயமா இருக்கா? அக்காவுக்கு நாள் இருக்குதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்று கடையில் வைத்தே கத்திவிட்டேன்.

சார் கோபப்படவில்லை. நீட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா முடிவு பண்ணிட்டேன்னா? அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான் தம்பி. அதையும் நானே கெடுத்துட்டன்னா இன்னா பண்றது?" என்றார். அந்த மனிதர் எல்லோரிடமும் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்ததே பயத்தினால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மேற்கொண்டு என்னால் திட்ட முடியவில்லை.

அடுத்த வருடம் கப்பல் மறுபடியும் சென்னைக்கு வந்தது. அக்கா இன்னும் மெலிந்திருந்தார். ஒரு மத்தியானம் அவர் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, சார் என்னிடம் கைகளை நீட்டிக்கொண்டு கொச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் சரிசமமாக நின்றன. அக்கா நாலடுக்குக் கேரியரைத் தூக்கி அவர் வலது கையில் வைத்தார். கை மேஜை வரைக்கும் இறங்கிவிட்டது.

"இப்ப எது ஜாஸ்தி?" என்றார் அக்கா.

"வசந்தா, சாம்பார் சிந்துது."

"சிந்தட்டும். எது ஜாஸ்தின்னு சொல்லுங்க."

"இதுதான்."

"அப்ப மெட்ராஸ்லயே போடுங்க டிக்கெட்ட."

நடுக்கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வரும் அந்தச் சின்னப் பயணத்துக்குத்தான் இடம் கிடைத்தது. சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால், ஒரு கட்டுரை தேறும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. புறப்படும் நாள் டீக்கடைக்காரர் சிரித்தார். "ஏன்க்கா, எந்த ஊருக்கும் போவாதாமே? கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குக் கப்பலு?"

"மாசா மாசம் மலைய சுத்துறியே, சுத்திட்டு நீ இன்னா செங்கத்துக்கா போயிடற? கெளம்புன எடத்துக்குத்தான வர்ற?" என்றார் அக்கா. டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார்.

சார் பயந்தது போலவே சொந்தக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். துறைமுக வாசலில் கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைக்கப் பார்த்தார்கள். காவலர் ஓடி வந்து தடுத்தார். கொண்டுவந்த புளியோதரையை உள்ளே விடமாட்டோம் என்றதால், அத்தனை பேரும் அங்கேயே வட்டமாக உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு முடித்தார்கள். காவலருக்கும் ஒரு தொன்னை கொடுத்தார்கள். சார் என்னைப் பார்த்து இடது கையை மட்டும் லேசாக இறக்கிக் காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அக்காவை மேல்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாலு பக்கமும் தண்ணீரும் வானமும்தான். அக்கா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் கை கூப்பினார். கூப்பிய கையோடு இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். எங்கள் ஊரில் எழுந்ததும் மலைப்பக்கம் ஒரு கும்பிடு போடாமல் யாரும் பல்கூட விளக்கமாட்டார்கள். அக்காவுக்கு எந்தப் பக்கம் கும்பிடுவதென்று தெரியவில்லை.

"ஏங்க, நம்ம மலை எந்தப் பக்கங்க?"

சார் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மாலுமியிடம் ஓடினார். திருவண்ணாமலை எந்தத் திசை என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் பாவம், வடநாட்டுப் பிள்ளை. அது எந்தத் துறைமுகம் என்று திருப்பிக் கேட்டார். துறைமுகம் இல்லை, மலை, ஆனால் முக்கியம் என்றார் சார். சென்னை இருக்கும் திசையை அந்தப் பிள்ளை காட்ட, சார் ஓடிவந்து நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார். அக்கா கும்பிட்டார்.

ஆனால் கப்பல் ஓர் இடத்தில் நிற்கிற பொருளா? கொஞ்ச நேரத்தில் அது திரும்பியது. சார் மறுபடி ஓடினார், கேட்டார், நாற்காலியைத் திருப்பினார். கப்பல் மறுபடி திரும்பியது. சாரைக் கண்டதும் அந்தப் பிள்ளை தூரத்திலிருந்தே கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று வேறொரு குடும்பமும் வந்து எங்களோடு அந்தப் பக்கம் கும்பிட்டது. சார் வியர்த்து விறுவிறுத்துப் போனார்.

"விடுங்க" என்றார் அக்கா. "அது இருக்கற எடத்துலதான் இருக்கும். எங்கியும் போயிடாது. நான் இதப் பாக்கத்தான வந்தேன். நீங்களும் உக்காந்து பாருங்க."

சார் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அக்கா கேட்டார். "இப்ப சொல்லுங்க. இதுல இன்னா சௌகரியம், இன்னா அசௌகரியம்?"

சார் கைகளை நீட்டவில்லை. அக்காவின் சால்வை காற்றில் பறந்துவிடாமல் அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை தீபத்துக்கு முன்பாகவே அக்கா போய்விட்டார்.

சார் சில வாரம் கடை திறக்கவில்லை. திறந்த பிறகு கைகளை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டதற்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஒரு நாள் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். நான் கடையில்தான் இருந்தேன். கப்பல் பயணத்துக்குச் சென்னையில் ஏறலாமா, தூரமாகப் போய் ஏறலாமா என்று கேட்டார்கள். வெகுநாளைக்குப் பிறகு சாரின் கைகள் மேலே வந்தன. அலைச்சல் இல்லை, விமானம் இல்லை, முழங்கால் வலிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வலது கை மேஜையைத் தொட்டது. இடது கை அப்படியே நின்றது.

"கஷ்டம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதும்மா" என்றார் சார். "பக்கத்துத் துறைமுகமாச்சா, சீக்கிரமா வூடு வந்து சேந்துடுவீங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே டிக்கெட் போட்டுக்கொண்டு போனார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. கேரியர் வருகிற நேரம். சார் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். "வாங்க சார், சாப்பிடப் போலாம்" என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். அந்த ஓட்டலில் சாம்பார் நன்றாக இருக்கும், ஆனால் ஃபேன் கிடையாது என்று ஆரம்பித்தார். எனக்கு நல்ல பசி. அவர் பக்கத்தில் போய் வெயில் அவர்மேல் படாதபடி நின்றுகொண்டேன். "சொல்லுங்க சார், அவசரமே இல்ல" என்றேன்.