பாடிகார்ட் அண்ணனின் காலி உறை

நியூசிலாந்து என்ற நாடு உண்டான நாளிலிருந்து, கையில் துப்பாக்கியே இல்லாமல் துப்பாக்கி உறைக்காக மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் பாடிகார்ட் அண்ணன். தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தின் மங்கரே பகுதியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மதுரைக்காரனான நான், மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த மாரி, யாழ்ப்பாணத்து பாடிகார்ட் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கொழும்பில் ஓர் அரசியல்வாதிக்கு எட்டு வருடம் மெய்க்காப்பாளராக இருந்தவர். சீருடை கிடையாது. சட்டைக்கு வெளியே சாதாரண மனிதர், சட்டைக்குள்ளே துப்பாக்கி. வேலையை விட்டபோது துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள், தோல் உறையைக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்த மறதியோடுதான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். விமான நிலையச் சரக்குக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாலும் சரி, டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் சரி, காலி உறை இடுப்பில் இருந்தாக வேண்டும்.

வந்த புதிதில் நகர மையத்துக் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு போலீஸ்காரரைப் பார்த்தாராம். அவர் இடுப்பில் துப்பாக்கி இல்லை; இந்த நாட்டுப் போலீஸின் வழக்கம் அது. "ஐயோ, இந்த மனுசனை ஆர் பாக்கிறது?" என்று கலங்கிப்போய், அந்தப் போலீஸ்காரருக்கே காவலாக மூன்று தெரு பின்னால் நடந்திருக்கிறார். கடைசியில் போலீஸ்காரர் திரும்பி, வழி தெரியாத ஆள் போலிருக்கிறது என்று பஸ் நிறுத்தத்தைக் காட்டி அனுப்பினார்.

"நல்ல பிள்ளை. ஆனா முதுகுப் பக்கம் கவனமில்லை" என்றார் அண்ணன்.

காலி உறை மடங்கிப்போகிறது என்று அதற்குள் ஒரு சலவைச் சோப்புக் கட்டியைச் செருகி வைத்தார். நீளம் சரி, எடையும் ஏறக்குறைய சரி. ஆக்லாந்து மழையைத்தான் மறந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை கோயில் பூஜைக்கு நனைந்தபடி வந்தவரின் வலது இடுப்பிலிருந்து நுரை பொங்கி வழிந்தது.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்லைத் தம்பி, ஆயுதம் கரையுது" என்றார், சற்றும் அசராமல்.

இந்தச் சிரிப்பெல்லாம் அண்ணனின் மனைவி சரோ அக்காவின் கடிதம் வரும்வரைதான். அக்காவுக்கும் ஆறு வயது மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. மூன்று வருடப் பிரிவு முடியப்போகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை. 'இடுப்பில் அந்தச் சாமான் இருக்கக் கூடாது. அதோடு பயந்து பயந்து வாழ்ந்தது போதும். கண்டால் பிள்ளையோடு அடுத்த பிளேனில் திரும்பிவிடுவேன்.'

"கழட்டிடுங்கண்ணே. உள்ள வெறும் சோப்புதானே?" என்றேன்.

"கழட்டிப் பாத்தனான் தம்பி. வாசல் தாண்ட கால் நடுங்குது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஆகவே மனைவிக்கே தெரியாத இடத்தில் மறைப்பது என்று முடிவாயிற்று. சமையலறையில் வகுப்பு எடுத்தார். "மறைப்பு, சொகுசு, எடுக்கிற வேகம். மூண்டும் ஒண்டாய்க் கிடைக்காது. ரெண்டைத்தான் தெரிவு செய்யலாம்."

"எடுக்கறதுக்கு உள்ள என்னா இருக்குலா?" என்றான் மாரி.

அண்ணன் யோசித்து, வேகத்தை விட்டுக்கொடுத்தார். கணுக்காலில் கட்டினார். உட்கார்ந்தால் பேண்ட் மேலேறிக் காட்டிக்கொடுத்தது. கக்கத்தில் தொங்கவிட்டார். பிப்ரவரியில் இங்கே கோடை; அந்த வெயிலில் கோட்டுப் போட வேண்டியிருந்தது. முன்வயிற்றில் செருகினார். குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. கடைசியில் பார்மசியில், வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை வாங்கினார். உறையை அதில் வைத்துத் தைத்து, தொப்புளுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, மேலே தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

பிறகு சோதனை. ஒரு வாரம் தினமும் காலையில் நானும் மாரியும் மாறி மாறி அவரைக் கட்டிப்பிடித்தோம். "மனுசி பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோடா!" என்று அதட்டுவார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு தோங்கா தீவுக்கார அம்மா, வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து கேக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்களும் சோகமாக வாங்கிச் சாப்பிட்டோம்.

விமான நிலையத்தில் அக்கா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். பெட்டிகளின் மேல் மகள். அண்ணன் வயிற்றை எக்கிக்கொண்டு, கைகளை விரித்துத் தயாராக நின்றார். அக்கா இரண்டடி தள்ளி நின்று, "மெலிஞ்சு போனியள்" என்றார். அவ்வளவுதான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அக்கா கட்டிப்பிடிக்க மாட்டார் என்பது கட்டிய புருஷனுக்கே நினைவில்லை. எங்கள் ஒரு வார உழைப்பும் வீண்.

கார் பார்க்கில் அண்ணன் முன்னால் நடந்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ. இப்ப எங்கை கட்டியிருக்கிறியள்? வயித்திலையோ?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். "எப்பிடித் தெரியும்?"

"எட்டு வருசம் இந்த நடைக்குப் பின்னாலைதானே நடந்தனான்."

எனக்கு அடுத்த பிளேன் ஞாபகம் வந்தது. மாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் ஏதாவது சமாளிப்பார் என்று பார்த்தேன். அவர் சமாளிக்கவில்லை.

"கழட்டினா கால் நடுங்குது, சரோ."

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கண்தான் நிறைந்தது.

"நடுங்கட்டும். கழட்டிப்போட்டு வண்டிலைப் பிடியுங்கோ. நான் பக்கத்திலை வாறன்."

அண்ணன் ஒரு வேனுக்குப் பின்னால் போய், பட்டையை அவிழ்த்து மாரியிடம் கொடுத்தார். தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் நடுங்கியது, வண்டியும் கோணல் மாணலாக ஓடியது. அக்கா அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். பெட்டிமேல் இருந்த குழந்தை, அப்பா வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து, "இன்னும், இன்னும்!" என்று கத்தியது.

எங்கள் கார் நின்ற இடத்தைத் தாண்டி அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மாரி கூப்பிட வாயெடுத்தான். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் அப்படி நடப்பதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போலிருந்தது.