செண்பகவல்லியின் ஒற்றை விளக்கு டார்ச்சு

ஒரு காட்டில் செண்பகவல்லி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். இருந்தாள் என்று நான்தான் சொல்கிறேன். இருக்க அவளுக்கு இடமில்லை, அதனால்தான் இந்தக் கதையே. ஆனி மாத மழையில் அவளுடைய பொந்து பொதபொதவென்று சரிந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. வயிற்றில் குட்டிகள் வேறு, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தன. வீட்டுக்காரர் முள்ளம்பன்றியோ, "நீயே பாத்து முடிச்சிடு, உனக்குத்தான் வெவரம் போதும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டார். உலகத்தில் பாதிப் பெருமைகள் இப்படி வேலையிலிருந்து நழுவுவதற்காகத் தரப்படுபவைதான்.

காட்டு அலுவலகப் பதிவேட்டில் பதினாலாம் எண் குகை காலி என்று இருந்தது. செண்பகவல்லி மூச்சிரைக்க நடந்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். குமாஸ்தா ஆமை கனகசபை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டவே கால் மணி நேரம் ஆயிற்று. நீட்டியதும் ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"இந்தாம்மா, பதினோராவது ஐட்டத்தைப் படி."

'மேற்படி குகையின் கடைக்கோடி வரை கண்ணால் கண்டு, வேறு உயிரினம் எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்' என்று அதில் இருந்தது.

"கண்ணாலயா? குகைக்குள்ள கும்மிருட்டு சார். நாங்க பொந்துக்குள்ளயே பொறந்து வளந்தவங்க. மூக்கால மோந்தே சொல்லிடுவேன், உள்ள யார் இருக்கா, என்ன சாப்பிட்டாங்கன்னு."

"ஃபாரத்துல கண்ணுன்னுதாம்மா போட்டிருக்கு. மூக்குக்கு ஃபாரம் கிடையாது. ஒரு டார்ச்சு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வா."

அதோடு விட்டாரா? டார்ச்சைப் பற்றி ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. முன்பு ஒரு காட்டெருமை எட்டு விளக்கு வைத்த பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு குகை பார்க்கப் போனாராம். லாரி வருகிறது என்று நினைத்துப் பாதிக் காடு பக்கத்து மாவட்டத்துக்கு ஓடிவிட்டது. அதிலிருந்து டார்ச்சு கையடக்கமாக இருக்க வேண்டும், ஒரே ஒரு எல்.ஈ.டி. தான் இருக்க வேண்டும் என்று ஆணை. ஆனால் வெளிச்சம் குறைந்து யாராவது தடுக்கி விழுந்தால் அலுவலகத்துக்குக் கெட்ட பேர். ஆகவே அது இருப்பதிலேயே பிரகாசமானது என்று சான்றும் வேண்டும். இரண்டு விதிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைச் செண்பகவல்லி கவனித்தாள். கவனித்து என்ன செய்ய? வயிற்றுக்குள் ஒரு குட்டி உதைத்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆலமரத்தடியில் மந்தி சிங்காரத்தின் கடை. அவன் பதினோரு டார்ச்சுகளை வரிசையாக எடுத்து வைத்தான். பதினோரு டப்பாவிலும் 'உலகிலேயே பிரகாசமானது' என்று அச்சடித்திருந்தது.

"இதுல நெசமாவே எதுப்பா?"

"எல்லாமே நெசந்தாங்க்கா. டப்பாவுல பொய்யா போடுவான்? இருங்க, நம்ம ஐயாவே சொல்லிடுவாரு."

ஐயா என்றால் ஆந்தை ஞானப்பிரகாசம். கடைக்கு மேலே இருந்த கிளையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்டில் வெளிச்சத்துக்குச் சான்று கொடுக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். அளக்கும் முறை மிக எளிது. டார்ச்சை அவர் கண்ணுக்கு நேராக அடிக்க வேண்டும். அவர் கண் எத்தனை நொடி கூசுகிறதோ அத்தனை மார்க்.

முதலில் வந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி டார்ச்சு. சிங்காரம் பட்டனை அமுக்கினான். ஞானப்பிரகாசம் "ஐயோ!" என்று கிளையைக் கட்டிக்கொண்டார். தொண்ணூறு மார்க். இரண்டாவது டார்ச்சுக்கு அறுபது. மூன்றாவதற்கு முப்பத்தைந்து. ஏழாவது வருவதற்குள் ஐயா கிளைக்குப் பதில் சிங்காரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினோராவது டார்ச்சை அமுக்கியதும் அடிமரத்துப் பட்டையில் புகை வந்தது, சிங்காரத்தின் முன்கை மயிர் பொசுங்கி நாறியது, பட்டைக்குள் தூங்கிய நாலு வண்டுகள் விடிந்துவிட்டதென்று எழுந்து பறந்தன.

ஞானப்பிரகாசம் கண்ணை அகல விழித்தபடி, "ஏம்ப்பா, இன்னும் பட்டனை அமுக்கலியா?" என்றார்.

பதினோராவதற்குப் பூஜ்யம்.

"ஐயா," என்றாள் செண்பகவல்லி மெதுவாக, "கடைசி டார்ச்சுலதான் மரமே புகைஞ்சுது."

"நான் பாத்தேனா?"

பார்க்கவில்லைதான். பார்க்கவும் இனி வாய்ப்பில்லை. அவளுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் அலுவலகம் கேட்பது வெளிச்சத்தை அல்ல, சான்றை. சான்று முதல் டார்ச்சுக்குத்தான். தடவித் தடவி ஐயா போட்ட கையெழுத்தோடு அதை வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு முன்பே குகை வாசலுக்கு வந்துவிட்டாள்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முதல் நாற்பது அடி நன்றாகவே தெரிந்தது. ஒற்றை விளக்காயிற்றே, வெளிச்சம் சிதறாமல் நேராகப் போய் விழுந்தது. அப்புறம் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அடுப்புச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி ஒரே கறுப்பு. அங்கே போனதும் டார்ச்சு சூடேறி வாயில் வைத்த சுடுபணியாரமாகக் கொதித்தது. அந்தச் சூட்டு நெடியில் அவள் மூக்குக்கு வேறு வாடையே எட்டவில்லை. சின்ன டார்ச்சுகளின் சுபாவம் அது. சூடு ஏறினால் வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதுவும் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரு மஞ்சள் வட்டமாகிப் போய் விழுந்த இடத்தில் இரண்டு கண்கள் இருந்தன.

கரடி. மாசானம் என்று பேர், மலையளவு உடம்பு.

செண்பகவல்லிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. ஓடலாம் என்றால் வயிறு விடாது. குட்டிகளோடு இங்கேயே கதை முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரது?" என்று உறுமினான் மாசானம். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அது என்ன டார்ச்சு? ஒத்தை எல்.ஈ.டி.யா?"

அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமாண்ணே."

"நடுவுல மஞ்சளடிக்குது. வெளிச்சம் எத்தனை லூமன்?"

மாசானம் எழுந்து, தன் படுக்கைச் சருகுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஏழு டார்ச்சுகள். எல்லாம் கையடக்கம், எல்லாம் ஒற்றை விளக்கு. "நாலு விளக்கு, எட்டு விளக்குன்னு வச்சு வெளிச்சம் காட்டறவனெல்லாம் ஒரு கரடியா? ஒத்தையில காட்டணும். இதோ இது எண்ணூறு அடி எட்டும். இந்தக் காட்டுல இதை மிஞ்ச ஒண்ணு கிடையாது."

சொல்லும்போது அவன் குரல் குழைந்ததை அவள் கேட்டாள். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவனின் குரல் அது. உயிர் போகிற நேரத்திலும் அவளுக்கு மூளை சுறுசுறுவென்று வேலை செய்தது.

"அப்படிங்களா அண்ணே? இது அதுக்கும் மேல எட்டும்னுல்ல சொன்னாங்க. சான்று கூட இருக்கு."

மாசானம் சான்றை வாங்கி மூன்று தடவை படித்தான். முகம் சுண்டிப்போயிற்று. "தொண்ணூறு மார்க்கா? இருக்காது. அளந்து பாத்தாத்தான் ஒத்துக்குவேன். இங்க எப்படி அளக்கறது, நாலு எட்டுல சுவர் வந்துடுது. ஒருத்தர் டார்ச்சு பிடிக்கணும், ஒருத்தர் தூரமா நின்னு மேல படுதான்னு பாக்கணும். நீ போய் நில்லு."

"நான் போய் நின்னு என்னண்ணே புரியப்போகுது? லூமனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பாக்கறவங்களுக்கு வெவரம் வேணாமா? நான் சும்மா பட்டனை அமுக்கறேன். நீங்க எதுக்க இருக்கற மலையில அந்தப் பாறையிடுக்கு இருக்குல்ல, பகல்லயும் இருட்டா, அதுக்குள்ள நின்னு பாருங்க."

வெவரம் என்ற சொல் கரடியையும் கவிழ்க்கும். மாசானம் ஏழு டார்ச்சுகளையும் வாரி அணைத்துக்கொண்டான். யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது? குகையை மட்டும் நம்பி விட்டுவிட்டுப் போனான்.

செண்பகவல்லி கடைக்கோடி வரை கண்ணால் கண்டாள். வேறு உயிரினம் எதுவும் இல்லை. பதினோராவது ஐட்டத்தில் ஒரு பொய்யும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே சருகுப் படுக்கையில் மூன்று குட்டிகள் பிறந்தன. பட்டனை அவள் அமுக்கவே இல்லை, வெளிச்சம் பட்டால் குட்டிகள் முழித்துக்கொள்ளும்.

மறுநாள் எதிர்மலையிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா! இங்க ஒண்ணும் படலியே!"

அவள் வாசலுக்கு வந்து கத்தினாள். "உங்க தலைக்கு மேல தாண்டிப் போகுதுண்ணே! இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க!"

"அவ்வளவு தூரமா எட்டுது?" என்று மாசானம் மலைத்துப் போய், அடுத்த மலைக்கு நடந்தான். அதற்கடுத்த நாள் அதற்கும் அடுத்த மலை. இப்போது அவன் குரல் கேட்பதில்லை. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், மாநில எல்லையைத் தாண்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறானாம், போகிற வழியெல்லாம் அந்த டார்ச்சின் புகழைப் பாடிக்கொண்டு.

நீதி: ஒருவரை வீட்டைவிட்டுக் கிளப்ப வழக்கும் வேண்டாம், வம்பும் வேண்டாம். அவருக்கு எதில் பைத்தியமோ, அதில் உன்னுடையது ஒரு படி மேல் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு.